பொங்கலுக்கு வெள்ளையடிக்கலாம், எமல்ஷன் அடிக்கலாமா?

வீட்டைக் கட்டிப் பார் – 19

மார்கழி பிறந்துவிட்டால் பெயின்டர்களைக் கையில் பிடிக்க முடியாது. பொங்கலுக்குள் வீட்டைப் பளிச்சென்று ஆக்கிவிட வேண்டும் என்று ஊரே ஒரே நேரத்தில் கிளம்பும். எந்தக் கம்பெனி பெயின்ட் நல்லது, எந்தக் கலர் எடுப்பாக இருக்கும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: சுவர் காய்ந்துவிட்டதா?

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையாகப் பெய்கிறது. சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற கரையோர ஊர்களில் பாதிக்கும் மேல். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் செங்கல்லும் சிமென்ட் பூச்சும் குடித்த தண்ணீர், மார்கழிப் பனியில் சீக்கிரம் வெளியேறாது. தொட்டால் காய்ந்தது போலிருக்கும். உள்ளே ஈரம் இருக்கும். சரியாக அந்த நேரத்தில்தான் நாம் பெயின்ட் டப்பாவைத் திறக்கிறோம்.

நம் தாத்தா, பாட்டியும் பொங்கலுக்குத்தானே வெள்ளையடித்தார்கள்? ஆமாம். ஆனால் அவர்கள் அடித்தது சுண்ணாம்பு. நீற்றிய சுண்ணாம்பு, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து மீண்டும் கல்லாக இறுகும். அப்படி இறுகுவதற்கு ஈரம் வேண்டும். அதனால்தான் அடிக்கும் முன் சுவரில் தண்ணீர் தெளிப்பார்கள். இறுகிய பிறகும் அதன் நுண்துளைகள் வழியே சுவரின் ஈரம் ஆவியாகப் போய்விடும். சுண்ணாம்பின் காரம் பாசியையும் பூஞ்சையையும் அண்டவிடாது. மழை குடித்த சுவருக்கு மார்கழிக் கடைசியில் சுண்ணாம்பு என்பது முற்றிலும் பொருத்தமான ஏற்பாடு.

எமல்ஷன் வேறு ஜாதி. தண்ணீரில் மிதக்கும் அக்ரிலிக் பிசின் துளிகள், தண்ணீர் ஆவியானதும் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகின்றன. மழைநீர் உள்ளே வராமல் தடுப்பது இந்தப் படலம்தான். ஆனால் உள்ளே ஏற்கெனவே இருக்கும் ஈரத்தையும் அது சுண்ணாம்பு அளவுக்கு வெளியே விடாது. சித்திரை வெயில் ஏறியதும் அந்த ஈரம் படலத்தைப் பின்னாலிருந்து தள்ளும், கொப்புளம் கிளம்பும். செங்கல்லிலும் மணலிலும் இருக்கும் உப்பு கரைந்து வந்து, தண்ணீர் ஆவியான இடத்தில் வெள்ளையாகப் பூக்கும். பொங்கல் பண்டிகையை நாம் மாற்றவில்லை. பூசும் பொருளை மாற்றிவிட்டோம். ஆகவே பூசும் மாதத்தையும் மாற்றியாக வேண்டும்.

சுவர் காய்ந்துவிட்டதா என்று கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். இரண்டு சாண் சதுரத்துக்கு ஒரு பாலிதீன் தாளை வெட்டி, நான்கு ஓரத்திலும் காற்றுப் புகாதபடி டேப் போட்டு ஒட்டுங்கள். ஒரு நாள் கழித்துப் பிரித்துப் பாருங்கள். தாளின் உட்புறம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தாலோ, அந்த இடம் மட்டும் நிறம் கறுத்திருந்தாலோ, சுவர் இன்னும் தயாராகவில்லை. வடக்குச் சுவர், பாத்ரூமை ஒட்டிய சுவர், தரையிலிருந்து மூன்றடி வரை உள்ள பகுதி ஆகிய மூன்று இடங்களிலும் இதைச் செய்து பாருங்கள்.

பழைய வீடு என்றால் உரிந்து தொங்கும் பெயின்ட்டில் ஒரு சில்லை எடுத்து அதன் முதுகைப் பாருங்கள். மாவு போல வெள்ளை ஒட்டியிருந்தால், பழைய சுண்ணாம்பைச் சுரண்டாமல் அதன் மேலேயே எமல்ஷன் அடித்திருக்கிறார்கள். அந்தச் சுண்ணாம்பு அடுக்கை முழுவதும் எடுத்தே ஆக வேண்டும். முதுகு சில்லென்று ஈரமாக, நாக்கில் வைக்காமலே உப்பென்று தெரியும்படி பொரிந்திருந்தால், கோளாறு தண்ணீரில் இருக்கிறது. கைப்பிடிச் சுவர் வெடிப்பு, சன்ஷேடு ஓரம், ஒழுகும் குழாய் ஆகியவற்றை அடைக்காமல் எவ்வளவு விலையுயர்ந்த பெயின்ட் அடித்தாலும் பணம் தண்டம். சுரண்டும்போது ஓர் எச்சரிக்கை: வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த ஆயில் பெயின்ட்டை உலர்வாகத் தேய்க்காதீர்கள். தண்ணீர் தொட்டுத் தேய்த்து, குழந்தைகளை அந்தப் பக்கம் விடாமல், தூளை உடனே துடைத்து அள்ளிவிடுங்கள்.

புது வீட்டுக்காரர்களும் பொறுக்க வேண்டும். புதுப் பூச்சின் காரத்தன்மை பிஎச் 12-க்கு மேல் இருக்கும். அது நிறத்தைத் தின்றுவிடும். பூசி முடித்துக் குறைந்தது 28 நாளாவது ஆகட்டும். காரத்தைத் தாங்கும் பிரைமர் ஒரு கோட் கட்டாயம். வெளிச்சுவருக்கு வெள்ளை சிமென்ட்டில் செய்த பட்டிதான் வைக்க வேண்டும். அக்ரிலிக் பட்டி வீட்டுக்குள் மட்டும்.

இனி ஊரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கடலோரம் என்றால் வெளிச்சுவருக்கு முழு அக்ரிலிக் எமல்ஷன். அடிக்கும் முன் சுவரில் படிந்த உப்பை நல்ல தண்ணீரில் கழுவி, காயவிட்டுத் தொடங்குங்கள். நீலகிரி, வால்பாறை, கொடைக்கானல் பக்கம் பூஞ்சைத் தடுப்பு சேர்த்த பெயின்ட் வேண்டும். அதற்கு முன் சுவரில் இருக்கும் பாசியைக் கொன்று கழுவுவது அதைவிட முக்கியம். வேலூர், திருச்சி, மதுரை வெயிலில் மேற்குச் சுவருக்கு வெளிர் நிறமே நல்லது. அடர் நிறம் சூட்டை உறிஞ்சி இரவிலும் வீட்டுக்குள் விடும். நிறம் வேண்டுமென்றால் காவி, மங்கலான மஞ்சள் போன்ற இரும்பு ஆக்சைடு நிறங்கள் பளீர் சிவப்பு, ஊதாவைவிட வெயிலில் நெடுநாள் நிற்கும்.

பண்டிகைக்கு வீட்டைப் புதுப்பிக்கும் வழக்கத்தை விட வேண்டியதில்லை. இந்தப் பொங்கலுக்குக் காம்பவுண்டு சுவருக்கும் பழைய சுண்ணாம்புச் சுவர்களுக்கும் சுண்ணாம்பே அடியுங்கள். பாலிதீன் சோதனையில் தேறிய உள்சுவர்களுக்குத் தாராளமாக எமல்ஷன் அடியுங்கள். வெளிச்சுவரில் வெடிப்பை அடைத்து, சுரண்டி வைத்துக்கொண்டு, மாசி, பங்குனிக்குப் பெயின்டரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். அப்போது அவருக்கு நெருக்கடி இருக்காது. காலையில் மேற்குச் சுவர், மாலையில் கிழக்குச் சுவர் என்று நிழல் பார்த்து, கோட்டுக்குக் கோட் காயவிட்டு அடிக்க அவருக்கும் நேரம் கிடைக்கும். டப்பாவில் போட்டிருக்கும் அளவுக்கு மேல் தண்ணீர் கலக்காமல் நீங்களும் பக்கத்தில் நின்று பார்க்கலாம். தமிழ்ப் புத்தாண்டுக்கு வீடு புதிதாகிவிடும். அடுத்த ஐப்பசி மழையைக் காய்ந்த சுவரோடு சந்திக்கும்.

(தொடரும்)