யந்திர யோசனையால் வரும் நஷ்டத்துக்கு உத்தரவாதி யார்?

ஆரணி தாலுகாவில் பட்டு நெசவோடு நெல் விவசாயமும் பிரதானமான தொழிலாகும். பயிரின் இலையைக் கைப்பேசியில் படமெடுத்தால், நோய் இன்னது, மருந்து இன்னது என்று கூறும் செயற்கை நுண்ணறிவு யந்திரங்கள் இப்போது வழக்கத்துக்கு வந்துள்ளன. அந்த யோசனை தவறிப் பயிர் சேதமடைந்தால், நஷ்டத்துக்கு உத்தரவாதி யார்?

யந்திரம் சட்டப்படி ஓர் ஆள் அன்று. அதன்மீது வழக்கிட இயலாது. அதனை நடத்துவோரே பதில் சொல்லக் கடமைப்பட்டவர். கானடா தேசத்தில் ஒரு விமானக் கம்பெனியின் உரையாடும் யந்திரம், பிரயாணி ஒருவருக்குக் கட்டணச் சலுகையைப் பற்றித் தவறாகக் கூறிற்று. யந்திரமே தன் சொல்லுக்குப் பொறுப்பு என்ற கம்பெனியின் வாதத்தை 2024ஆம் வருஷம் தீர்ப்பாயத்தார் தள்ளி, கம்பெனியே ஈடு தரவேண்டுமென விதித்தனர்.

இந்தியாவில் இதற்கெனத் தனிச்சட்டம் இல்லை. 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே துணையாகும். விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே என்று சுப்ரீம் கோர்ட்டார் 2012இல் தீர்ப்பளித்துள்ளனர். ஆனால் இனாமாகக் கிடைக்கும் சேவை இச்சட்டத்தில் அடங்காது. பணம் கொடுத்துப் பெற்ற சேவையில் குறை நேர்ந்தால், இரண்டு வருஷத்துக்குள் திருவண்ணாமலை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் மனுச் செய்யலாம்.

ஆகையால் பணம் செலுத்திய ரசீது, யந்திரம் கூறிய பதில், மருந்து தெளித்த தேதி, பயிரின் படம் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துக. இலவச யோசனையாயின், தெளிக்குமுன் விவசாய இலாகா உத்தியோகஸ்தரைக் கேட்டறிக. பயிரிட்டதற்கு அடங்கல் நகல் சாட்சியாகுமாதலால், கிராம உத்தியோகஸ்தர்கள் அதனைக் காலத்தில் சரிவர எழுதிவைத்தல் ரயத்துகளுக்குப் பேருதவியாகும்.