நடன அரங்குக்குப் பின்னால ஒரு கணக்கு நோட்டு

'பிரிட்ஜர்ட்டன்' சீரிஸ் பார்த்தவங்க நம்ம காலேஜ்லயே நிறைய பேர் இருக்காங்க. கேட்டா ஒத்துக்க மாட்டாங்க. "ரூம்மேட் போட்டான், கூட உட்கார்ந்தேன்", "சும்மா டிரெஸ்ஸுக்காகப் பார்த்தேன்" என்ற பதில்தான் வரும். பட்டு கவுன், வைர நெக்லஸ், குதிரை வண்டி, பணக்கார வீட்டுப் பொண்ணு, முறைச்சுக்கிட்டே இருக்கிற ஒரு பிரபு, கடைசியில கல்யாணம். இந்த வகைக்கு ரீஜென்சி ரொமான்ஸ் என்று பெயர். இதுல டிரெஸ்ஸையும் காதலையும் தவிர ஒண்ணுமே இல்லைனு நினைக்கிறவங்களுக்குத்தான் இந்தக் கட்டுரை. இந்தக் கதைகளை ஓட வைக்கிற மோட்டார் வேற இடத்துல இருக்கு. சொத்துச் சட்டத்துலயும் வட்டிக் கணக்குலயும்.

முதல்ல காலம். இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஜார்ஜ் மனநலம் பாதிக்கப்பட்டு ஆட்சி நடத்த முடியாமல் போனதால், 1811 முதல் 1820 வரை அவருடைய மகன் ரீஜென்ட், அதாவது பதில் ஆட்சியாளராக இருந்தார். அந்த ஒன்பது வருஷம்தான் ரீஜென்சி. ஜேன் ஆஸ்டின் உயிரோட இருந்தப்ப வெளிவந்த நாலு நாவலும் இந்தக் காலத்துலதான் அச்சாச்சு. அதுக்கப்புறம் 1820களிலும் 30களிலும் பிரபுக்கள் வீட்டு வாழ்க்கையைப் பத்தி நாவல் எழுதுறது லண்டன்ல ஒரு பெரிய பிசினஸாவே மாறிடுச்சு. ஹென்றி கோல்பர்ன் என்ற பதிப்பாளர் இதுல நல்லா சம்பாதிச்சார். பெரிய வீட்டுக்காரங்க என்ன சாப்பிடுறாங்க, எந்தத் தையல்காரர்கிட்ட போறாங்கனு தெரிஞ்சுக்க நடுத்தர வர்க்கத்துக்கு அவ்வளவு ஆசை. "மீனை வெள்ளி முள்கரண்டியால சாப்பிடுறாங்கனு இவங்களுக்கு என்ன ஒரு பரவசம்!" என்கிற தோரணையில 1827ல வில்லியம் ஹாஸ்லிட் கிண்டல் பண்ணினார். அதுல இருந்து அந்த நாவல்களுக்கு 'வெள்ளி முள்கரண்டி நாவல்'னே பேர் நின்னுடுச்சு. இன்னிக்கு நாம இன்ஸ்டாவுல அடுத்தவங்க கல்யாண ரீல் பார்க்கிறதுக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியலை.

சரி, இந்தக் கதைகள்ல எல்லாரும் 'சீசன்', 'சீசன்'னு சொல்றாங்களே, அது என்ன? நமக்குப் புரியுற மாதிரி சொன்னா பிளேஸ்மென்ட் சீசன். உவமைக்காக மட்டும் சொல்லலை, அமைப்பே அப்படித்தான். பிரபுக்கள் வருஷத்துல பாதி நாள் கிராமத்துல அவங்க எஸ்டேட்ல இருப்பாங்க. பார்லிமென்ட் கூடுறப்ப லண்டன் வருவாங்க, குடும்பமும் கூட வரும். ஆக, தகுதியுள்ள மாப்பிள்ளைகள் எல்லாம் ஒரே ஊர்ல, ஒரே நேரத்துல. 17, 18 வயசான பெண்ணை அரசி முன்னால நிறுத்தி வணங்க வெச்சு 'அறிமுகம்' பண்ணுவாங்க. அதுக்கு ஒரு யூனிஃபார்ம் வேற. ஊரெல்லாம் உயர்ந்த இடுப்பு வெச்ச மெல்லிய கவுன் ஃபேஷன்ல இருந்த காலத்துலயும், அரண்மனைக்குப் போறப்ப மட்டும் பழைய வளையப் பாவாடையும் தலையில இறகும் கட்டாயம். உயர்ந்த இடுப்புக்குக் கீழே வளையம் கட்டினா மனுஷி கூடாரத்துக்குள்ள நிக்கிற மாதிரிதான் இருக்கும். 1820ல நாலாம் ஜார்ஜ் அரசரானப்பதான் அந்த வளையத்துக்கு விடுதலை கிடைச்சது. அறிமுகச் சடங்கு மட்டும் 1958 வரைக்கும் நடந்திருக்கு.

அப்புறம் நடன விருந்துகள். ('பால்'னு எழுதினா ஆவின் பாக்கெட்தான் ஞாபகம் வருது, அதனால நடன விருந்துன்னே வெச்சுக்குவோம்.) இதுல உச்சம், லண்டன் கிங் தெருவுல இருந்த ஆல்மாக்ஸ் மன்றம். சீசன்ல புதன்கிழமை ராத்திரி அங்கே நடனம். உள்ளே போக பணம் மட்டும் போதாது. சில பெரிய வீட்டுப் பெண்மணிகள் குழுவா உட்கார்ந்து யாருக்கு அனுமதிச் சீட்டுனு முடிவு பண்ணுவாங்க. டியூக்குக்கே சீட்டு மறுக்கலாம். இவ்வளவு கெடுபிடி பண்ணிட்டு உள்ளே கொடுத்தது மெல்லிசா நறுக்கின ரொட்டி, வெண்ணெய், காய்ஞ்ச கேக், லெமனேட், டீ. நம்ம மெஸ் பரவாயில்லை.

இதெல்லாம் எதுக்கு? இங்கதான் கணக்கு வருது. அந்தக் காலத்து இங்கிலாந்துல குடும்பச் சொத்து மூத்த ஆண் வாரிசுக்குப் போகும். பல எஸ்டேட்டுகளை விக்கவும் பிரிக்கவும் முடியாதபடி முன்கூட்டியே பத்திரம் எழுதி வெச்சிருப்பாங்க. பெண்ணுக்குக் கிடைக்கிறது ஒரு தொகை மட்டும். அதுவும் கல்யாணம் ஆன நிமிஷத்துல அவளோட ரொக்கமும் நகையும் சட்டப்படி கணவனுடையது. நிலம் இருந்தா அதோட வருமானமும் அவன் கையில. கல்யாணமான பெண் தன் பேர்ல சொத்தை முழுசா வெச்சுக்கலாம்னு சட்டம் வந்தது 1882ல. அதனாலதான் பெண் வீட்டு வக்கீல் கல்யாணத்துக்கு முன்னாடியே உட்கார்ந்து, வருஷத்துக்கு அவ கைச்செலவுக்கு எவ்வளவு, கணவன் செத்தா எவ்வளவுனு ஒப்பந்தம் போடுவார். அன்டூ பட்டனும் கிடையாது. 1857க்கு முன்னாடி முழு விவாகரத்து வேணும்னா பார்லிமென்ட்ல தனிச் சட்டமே நிறைவேத்தணும்.

இப்போ 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலை எடுத்துக்கோங்க. எலிசபெத்துக்கு வரப்போற பங்கு 4 சதவீத வட்டியில 1,000 பவுண்ட். வருஷத்துக்கு 40 பவுண்ட், அதுவும் அம்மா காலத்துக்கு அப்புறம்தான். டார்ஸியோட வருமானம் வருஷத்துக்கு 10,000. அதாவது 250 மடங்கு. அப்பா உயிரோட இருக்கிற வரைக்கும் குடும்பத்துக்கு வருஷம் 2,000 வரும். அவர் போன மறுநாள் வீடே தூரத்து உறவுக்காரருக்கு. கல்யாணம் ஆகாத அஞ்சு பொண்ணு. படத்துல பார்க்கிறப்ப மிஸஸ் பென்னட்டைக் கோமாளினு சிரிக்கிறோம். அந்தக் குடும்பத்துல எக்ஸெல் ஷீட்டை ஒழுங்கா படிச்ச ஒரே ஆள் அந்த அம்மாதான்னு நான் சொல்லுவேன்.

இந்தப் பின்னணி தெரிஞ்சா, கதையில சின்னச் சின்ன விதிகள் ஏன் அவ்வளவு டென்ஷன் கிளப்புதுனு புரியும். ஒரே ஆளோட ஒரே ராத்திரியில ரெண்டு நடனத்துக்கு மேல ஆடினா ஊர் நிச்சயதார்த்தம்னு பேசும். துணைக்கு ஆள் இல்லாம தோட்டத்துல பத்து நிமிஷம் நின்னா பேர் போயிடும். பேர் போனா அந்தச் சீசனோட சேர்ந்து மொத்த வாழ்க்கையும் போகும். ஓடிப்போய் கல்யாணம் பண்ற காட்சியில எல்லாரும் ஸ்காட்லாந்து பக்கம் வண்டியை விரட்டுறதுக்கும் சட்டம்தான் காரணம். 1753ல வந்த சட்டப்படி, 21 வயசு ஆகாதவங்க இங்கிலாந்துல லைசென்ஸ் வாங்கிக் கல்யாணம் பண்ண அப்பா சம்மதம் வேணும். ஸ்காட்லாந்துக்கு அந்தச் சட்டம் செல்லாது. எல்லையைத் தாண்டின உடனே கிரெட்னா கிரீன் என்ற கிராமம். அவ்வளவுதான் லாஜிக்.

இந்த மொத்த அமைப்பையும் எடுத்து நகைச்சுவைக் காதல் கதையா மாத்தினவர் ஜார்ஜெட் ஹேயர். 1902ல பிறந்தார். உடம்பு சரியில்லாத தம்பிக்கு பொழுதுபோக சொன்ன கதைதான் 1921ல முதல் நாவலா வந்தது. ரீஜென்சி காலத்துல முதல்ல எழுதினது 1935ல. கணவர் மைனிங் இன்ஜினியர், பிறகு அந்த வேலையை விட்டு வக்கீலானவர். அப்பா சீக்கிரமே இறந்துட்டதால தம்பிகளையும் பார்த்துக்கணும். பல வருஷம் குடும்பச் செலவுக்கு இந்த அம்மாவோட பேனாவைத்தான் நம்பி இருந்தாங்க. பேட்டி கொடுக்கவே மாட்டார், ஆனா புத்தகம் வித்துக்கிட்டே இருந்தது. பணக் கவலை எப்படி இருக்கும்னு தெரிஞ்சவர் எழுதினதுனாலதான் அந்தக் கவுன்களுக்குள்ள கணக்கு சரியா உட்கார்ந்திருக்குனு எனக்குத் தோணும்.

அவரோட 'அராபெல்லா' (1949) கதையைப் பாருங்க. யார்க்‌ஷயர்ல பாதிரியார் பொண்ணு, வீட்ல எட்டுப் பிள்ளைகள். ஒரு சீசனுக்காக ஞானத்தாய் வீட்டுக்கு லண்டன் போற வழியில வண்டி ரிப்பேர். பக்கத்துல இருந்த பெரிய பணக்காரர் வீட்டுக்குப் போறா. 'என் சொத்துக்காக வண்டி உடைஞ்ச மாதிரி நாடகம் போடுறா'னு அவர் சொல்றது காதுல விழுந்துடுது. கோபத்துல, "நானே பெரிய பணக்காரி, மாப்பிள்ளைங்க தொல்லை தாங்கலை"னு அடிச்சு விடுறா. அந்தப் புளுகு அவளுக்கு முன்னாடியே லண்டன் போய்ச் சேர்ந்துடுது. கடன்ல மூழ்கின வாலிபர்கள் எல்லாம் வரிசையா வந்து காதல் சொல்றாங்க. சிரிப்பா இருக்கும், ஆனா ஒவ்வொரு ஜோக்குக்கும் ஒரு விலைச் சீட்டு ஒட்டியிருக்கும்.

'ஃப்ரெடெரிகா' (1965) நம்ம ஆளுங்களுக்கு. நாயகியோட குட்டித் தம்பி ஃபெலிக்ஸுக்கு மெஷின் பைத்தியம். எதுக்குமே அசராத பணக்கார மார்க்விஸை நச்சரிச்சு ஃபவுண்டரி பார்க்க இழுத்துட்டுப் போவான். கடைசியில பலூன் கயித்தைப் பிடிச்சுத் தொங்கி மேலேயே போயிடுவான். காதல் காட்சிகளை விட இவன் வர்ற பக்கங்கள்தான் எனக்குப் பிடிக்கும்.

குறை இல்லாமலும் இல்லை. 'தி கிராண்ட் சோஃபி' (1950) கலகலப்பான நாவல், ஆனா அதுல வர்ற யூத வட்டிக்கடைக்காரரை வரைஞ்சிருக்கிற விதம் அப்பட்டமான இனவெறுப்பு. அதுவும் இரண்டாம் உலகப்போர் முடிஞ்சு அஞ்சு வருஷத்துல. இன்னொண்ணு, வருஷம் 10,000 பவுண்ட் எங்கிருந்து வருதுனு இந்தக் கதைகள் பெரும்பாலும் கேட்கிறதே இல்லை. நிஜத்துல அந்தப் பணத்துல ஒரு பங்கு கரீபியன் கரும்புத் தோட்டத்து அடிமைகள் உழைப்புல வந்தது, ஒரு பங்கு கிழக்கிந்தியக் கம்பெனி வழியா நம்ம பக்கத்துல இருந்து போனது. நாயகி போர்த்திக்கிற காஷ்மீர் சால்வை எங்க நெய்ததுனு பேர்லயே இருக்கு. மெல்லிய மஸ்லின்ல உசத்தியானதுக்குப் பேர் போன ஊர் டாக்கா.

'பிரிட்ஜர்ட்டன்' இந்தக் கேள்வியை வேற மாதிரி தாண்டிப் போகுது. ஜூலியா க்வின் 2000ல எழுத ஆரம்பிச்ச நாவல்கள்ல நாயகி கேட் ஆங்கிலேயப் பெண், ஷெஃபீல்ட் குடும்பம். 2022ல வந்த ரெண்டாவது சீசன்ல அவ பம்பாயில இருந்து வர்ற கேட் ஷர்மா. நடிச்ச சிமோன் ஆஷ்லி, தங்கையா வர்ற சரித்ரா சந்திரன் ரெண்டு பேருமே தமிழ்க் குடும்பத்துப் பெண்கள். கேட் வாயில 'அப்பா'னு வர்றப்ப நம்ம காது நிமிரும். அடுத்த காட்சியில தங்கச்சி 'தீதி'னு கூப்பிடுவா. இது எந்த ஊர் வீடுன்னு கடைசி வரைக்கும் எனக்குப் புரியலை. ஆனாலும் அந்த நடன அரங்கு நடுவுல கறுத்த நிறத்துல ஒரு பொண்ணு நாயகியா நிக்கிறதைப் பார்க்க நல்லாத்தான் இருந்தது. கம்பெனி ஆட்சி நடந்த காலம்ங்கிறதை சீரிஸ் கண்டுக்கலைங்கிறதும் உண்மை.

இன்னொரு பொய்யையும் சொல்லிடுறேன். அந்தக் காலத்துல மொத்த பிரிட்டன்லயும் டியூக் பட்டம் வெச்சிருந்த குடும்பங்கள் ஏறக்குறைய 30தான். அதுல பாதிக்கு மேல கல்யாணமானவங்க, வயசானவங்க. கதைகள்ல தெருவுக்கு ஒரு இளம் டியூக் சிக்ஸ் பேக்கோட நிப்பார்.

படிக்கணும்னு தோணினா 'ஃப்ரெடெரிகா'வுல ஆரம்பிங்க. 'எ சிவில் கான்ட்ராக்ட்' (1961) கடைசியா. அதுல அப்பா வெச்ச கடனால எஸ்டேட்டையே இழக்கப் போற ஆடம், அழகான ஜூலியாவைக் காதலிச்சுட்டு, வியாபாரி பொண்ணு ஜென்னியைப் பணத்துக்காகக் கட்டிக்கிறான். ஜென்னி ஜூலியாவோட ஸ்கூல் தோழி. பார்க்க சுமார், பேச்சு கம்மி, அவனை முன்னாடியே பிடிக்கும்னு வெளியே சொல்லாதவ. 1815 ஜூன்ல வாட்டர்லூவுல தோத்துட்டோம்னு வதந்தி பரவி அரசுப் பத்திரங்களோட விலை சரியுறப்ப, மாமனார் விக்கச் சொல்ல, ஆடம் வாங்குறான். ஜெயிக்கிறான், கடன் தீருது. வேற நாவலா இருந்தா அடுத்த பக்கத்துல ஒரு முத்தம் இருக்கும். ஹேயர் அவங்களை ஊருக்குத் திருப்பி அனுப்பி, பண்ணை வேலை, குழந்தை, சாப்பாடுனு சாதாரணமா வாழ விட்டுடுறார். ஜூலியா மேல இருந்த மாதிரி ஒரு காதல் தன் மேல அவனுக்கு வராதுனு ஜென்னிக்குத் தெரியும். அவன் தன் கூட நிம்மதியா இருக்கான்னும் தெரியும்.