எழுகிறோம் என்று எடுத்துச் சொல்லுங்கள்!

1860 ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டிலே குடிக்கணக்கு எடுத்தார்கள். அடிமையல்லாதோருக்கு ஒரு ஏடு. அடிமைகளுக்குத் தனி ஏடு. அடிமை ஏட்டிலே ஆண்டையின் பெயர் இருக்கும். அதன் கீழே வயது இத்தனை, ஆணா பெண்ணா, நிறம் கறுப்பா கலப்பா என்ற விவரமெல்லாம் வரிசையாக இருக்கும். அடிமையின் பெயர் மட்டும் பெரும்பாலும் இருக்காது. தொழுவத்து மாட்டுக்குக்கூடப் பெயர் வைத்துக் கூப்பிடுகிறவர்கள், மனிதனைப் பெயரின்றி எண்ணி வைத்த காலம் அது.

அந்த ஆண்டு ஜார்ஜியா மாநிலத்திலே ஓர் அடிமைச் சிறுவனுக்கு வயது 5. தோழர்களே, அந்தச் சிறுவன் பின்னாளிலே ஒரு கல்லூரிக்கு 30 ஆண்டுகள் தலைவனாக இருந்தான். அமெரிக்கப் படையிலே மேஜர் ஆனான். முதுமையிலே பாங்கு நடத்தினான். ரிச்சர்ட் ராபர்ட் ரைட் என்பது அவர் பெயர். 1855 இல் டால்டன் என்னும் ஊரருகே பிறந்தார்.

ரைட் என்ற பெயர்கூடத் தகப்பன் வழி வந்ததல்ல. தகப்பனார் ராபர்ட் வாடெல், ஆண்டையின் வண்டி ஓட்டியவர். பிள்ளைக்கு 2 வயதாக இருக்கையிலே அடிமைத்தளை அறுத்து ஓடிவிட்டார். தாயையும் பிள்ளையையும் ஆண்டை தெற்கே கத்பர்ட் என்னும் ஊருக்குக் கொண்டு சென்றான். அங்கே தாய் ஹாரியட், அலெக்சாண்டர் ரைட் என்பவரை மணந்தார். அவரும் ஓடினார்! ஓடி, அடிமை முறையை எதிர்த்துப் போரிட்ட வடக்கத்திப் படையைச் சேர்ந்தார். அந்த மாற்றாந்தகப்பனின் பெயரே பிள்ளைக்கு நிலைத்தது. தாய்வழிப் பாட்டி, ஆப்பிரிக்காவில் மாண்டிங்கோ அரச குடும்பத்திலே பிறந்து, பிஞ்சு வயதிலே கடத்தி வரப்பட்டவர் என்று அந்தக் குடும்பத்தார் சொல்லி வந்தார்கள். அரச குலம் என்றதும் வாய் பிளக்கிறவர்கள் அல்ல நாம். ஆனால் பெயரே இல்லாமல் எண்ணப்பட்ட ஒரு குடும்பம், தனக்கொரு வரலாறு உண்டு என்று பாட்டி வாய்மொழியைப் பற்றிக்கொண்டதிலே இருக்கும் ஏக்கத்தை யார் பழிப்பார்?

எனக்கு இந்தக் கதையிலே மிகப் பெரியவராகத் தெரிபவர் அந்தத் தாய்தான். அடிமைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பது குற்றம் என்று 1829 இல் சட்டம் செய்த மாநிலம் ஜார்ஜியா. கற்பித்தவன் வெள்ளையனானால் அபராதம், சிறை, கறுப்பனானால் கசையடி. 1865 இல் போர் முடிந்தது, அடிமை முறை ஒழிந்தது. விடுதலை பெற்ற ஹாரியட் என்ன செய்தார்? நிலம் தேடவில்லை. கறுப்புப் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் உண்டு என்று கேள்விப்பட்டு, 3 பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, சுமார் 150 மைல் தாண்டி அட்லாண்டா நகருக்குப் போனார். அங்கே வருவோர் தங்கிச் சாப்பிட வீடு நடத்தி வயிறு கழுவினார். மகனை ஸ்டார்ஸ் பள்ளியிலே சேர்த்தார்.

1868 இல் அந்தப் பள்ளிக்கு வந்தார் தளபதி ஆலிவர் ஹோவார்ட். போரிலே ஒரு கையை இழந்தவர். விடுதலை பெற்றவர்களுக்கான அரசாங்க நிலையத்தின் தலைவர். பிள்ளைகளைப் பார்த்து, "வடக்கே இருக்கும் குழந்தைகளிடம் உங்களைப் பற்றி நான் என்ன சொல்லட்டும்?" என்று கேட்டார். எழுந்தான் சிறுவன் ரைட். "நாங்கள் எழுகிறோம் என்று சொல்லுங்கள், ஐயா!" என்றான்.

சோறு கேட்கவில்லை, இரக்கம் கேட்கவில்லை! விட்டியர் என்னும் புகழ்பெற்ற கவிஞர் அதைக் கேள்வியுற்று 1869 இல் பாட்டாகவே எழுதிவிட்டார். நாடெங்கும் அந்தச் சொல் பரவிற்று. ஆனால் சொல் பரவினால் போதுமா? சொன்னவன் எழ வேண்டுமே! எழுந்தார். 1876 இல் அட்லாண்டா பல்கலைக்கழகத்திலே பட்டம் பெற்ற முதல் அணியிலே முதல் மாணவராக வெளிவந்தார். அதே ஆண்டில் லிடியா ஹோவார்ட் என்னும் மங்கையை மணந்தார். 9 பிள்ளைகள் பிறந்தனர். 1880 இல் அகஸ்டா நகரிலே, ஜார்ஜியாவில் கறுப்பருக்கென எழுந்த முதல் பொது உயர்நிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியர் ஆனார். 1883 இல் செனட் சபையின் குழு ஒன்று விசாரணைக்கு வந்தபோது, வேற்றுமை தோலின் நிறத்திலேதான், மூளையிலே அல்ல என்று முகத்துக்கு நேரே சாட்சி சொன்னார்.

இனித்தான் கதையின் முடிச்சு. 1890 இல் அமெரிக்க மத்திய அரசு ஒரு சட்டம் போட்டது. கல்லூரிக்கு எங்கள் பணம் வேண்டுமா? கறுப்பரைச் சேர்த்துக்கொள், இல்லையேல் அவர்களுக்குத் தனிக் கல்லூரி கட்டு என்றது. ஜார்ஜியா எதைத் தேர்ந்திருக்கும் என்பதை நான் சொல்லவும் வேண்டுமோ! தனிக் கல்லூரிதான் வந்தது. பெயரிலேயே "தொழிற்கல்லூரி" என்று சூட்டிவிட்டார்கள். 1891 இல் சவன்னா நகரிலே 5 ஆசிரியர், 8 மாணவரோடு நடக்கத் தொடங்கியது. தலைவர் ரைட். அவருக்கு மேலே வெள்ளையர் குழு. கறுப்பனுக்குத் தச்சும் கொல்லும் உழவும் போதும் என்பது அந்தக் குழுவின் எண்ணம். ரைட்டோ, லத்தீன் மொழியையும் உள்ளே கொண்டுவந்தார்!

உளி பிடிக்கும் தோழர்களே, ஏர் பிடிக்கும் தோழர்களே, இங்கே தவறாக எண்ணிவிடாதீர்கள். உளி இழிவென்று ரைட் சொல்லவில்லை; அந்தக் கல்லூரியிலே உளியும் இருந்தது. உனக்கு இது மட்டும் போதும் என்று இன்னொருவன் அளந்து போடுகிறானே, அந்த அளவுகோல்தான் வழக்கு.

வழக்கு லேசானதல்ல. அவர் தலைமையாசிரியராக இருந்த அகஸ்டா பள்ளியை 1897 இல் மூடிவிட்டார்கள். சிறு பிள்ளைகளுக்கு இடம் வேண்டும், பணம் இல்லை என்றார்கள். வெள்ளைப் பெண்களின் உயர்நிலைப் பள்ளிக்கு மட்டும் பணம் இருந்தது! கறுப்பினப் பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். 1899 இல் நாட்டின் உச்ச நீதிமன்றமே "மூடியது மூடியதுதான்" என்ற வகையிலே தீர்ப்பளித்தது. ஒரு பள்ளியை மூட எத்தனை நாழிகை ஆகும் என்பதை ரைட் கண்ணாரக் கண்டவர். ஆகவே கல்லூரியைக் காக்க நாவை அடக்க வேண்டிய நாட்களும் அவருக்கு இருந்தன. வளைந்துகொடுத்தார் என்று குறை சொல்லலாம். மேடையிலே முழங்குவது எங்களைப் போன்றவர்களுக்கு எளிது. மாதாமாதம் அந்தக் குழுவின் முன்னே கணக்கோடு நின்றவர் அவர். 8 பேராக இருந்த மாணவர் தொகை, 1921 இல் அவர் விலகியபோது 400 ஐத் தாண்டியிருந்தது. நான் அவர் பக்கம்தான்.

அந்தக் கல்லூரி முதல் பட்டத்தை 1898 இல் வழங்கியது. பெற்றவர் அவருடைய மூத்த மகன், அவர் பெயரே கொண்டவர். மகனுக்கா என்று கேலி பேசுவோர் இருப்பார்கள். அந்த மகன் 1911 இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திலே டாக்டர் பட்டம் பெற்றார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

அதே 1898 இல் ஸ்பெயினோடு போர் மூண்டது. குடியரசுத் தலைவர் மக்கின்லி, ரைட்டை மேஜர் பதவியோடு சம்பளப் பட்டுவாடா அதிகாரியாக நியமித்தார். அமெரிக்கப் படையிலே அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் கறுப்பர் அவரே. பணியாற்றியது சில மாதங்கள்தாம். துப்பாக்கி ஏந்திய வீரச்செயல் எதுவும் சொல்வதற்கில்லை. ஆனால் கூலி வாங்கும் தோழர்களுக்கு அதன் பொருள் விளங்கும். பிறந்தபோது ஆண்டையின் சொத்துக் கணக்கிலே ஒரு வரியாக இருந்தவர் கையிலே, படையின் சம்பளக் கணக்கு!

1921 இல் கல்லூரியை விட்டு விலகியவர் சாய்வு நாற்காலியைத் தேடவில்லை. 65 வயதைக் கடந்த அவர் பிலடெல்பியா நகருக்குப் போனார், வார்ட்டன் வணிகப் பள்ளியிலே பாங்குத் தொழில் படித்தார், பிள்ளைகளைத் துணைக்கு வைத்துக்கொண்டு பாங்கு நடத்தினார். சவன்னாவிலே ஒரு பாங்கியில் தம் மகளுக்கு நேர்ந்த அவமதிப்பே அதற்குத் தூண்டுகோல் என்று சொல்வார்கள். தெற்கேயிருந்து பிழைப்புத் தேடி வடக்கே வந்த கறுப்புத் தொழிலாளர் ஆயிரமாயிரம். அவர்களுக்குப் பாங்கு என்றாலே அச்சம். அச்சத்துக்குக் காரணமும் உண்டு. விடுதலை பெற்றோருக்கென்றே தொடங்கிய சேமிப்புப் பாங்கு 1874 இல் மூழ்கி, 61,000 பேருக்கு மேற்பட்டோரின் பணம் முடங்கியதை அவர்கள் மறக்கவில்லை. அந்த அச்சத்தை வென்று நின்றது ரைட்டின் பாங்கு. 1930களின் பெருமந்தத்திலே பெரிய பெரிய பாங்குகள் சரிந்தபோதும் அது சரியவில்லை.

புக்கர் டி. வாஷிங்டன் உருவத்தைத் தபால் தலையிலே பொறிக்கவேண்டும் என்று போராடி, 1940 இல் அதைக் கண்டார். ஒரு கறுப்பர் உருவம் அமெரிக்கத் தபால் தலையிலே ஏறியது அதுவே முதல் தடவை. பிறகு, அடிமை ஒழிப்புத் திருத்தத் தீர்மானத்திலே லிங்கன் கையெழுத்திட்ட பிப்ரவரி 1 ஐத் தேசிய விடுதலை நாளாக்க வேண்டும் என்று கிளம்பினார். 80 வயதைத் தாண்டியும் அலைந்தார். 1947 ஜூலையிலே மறைந்தார். 1948 ஜூன் 30 இல் ட்ரூமன் அந்தச் சட்டத்திலே கையெழுத்திட்டார். ஓராண்டு முந்தியிருக்கக் கூடாதா?

மூத்த மகனின் மகள் ரூத் ரைட் ஹேர். பிலடெல்பியாவில் உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் பதவி பெற்ற முதல் கறுப்பர். 1988 இல், ஏழைகள் மிகுந்த பகுதியிலே 2 பள்ளிகளில் 6 ஆம் வகுப்பு முடித்த நூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகளை அழைத்து, நீங்கள் படித்து முடியுங்கள், கல்லூரிச் சம்பளம் நான் கட்டுகிறேன் என்று வாக்களித்தார். அதிலே ஒரு பள்ளிக்கு ரைட்டின் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். தம் திட்டத்துக்கு ரூத் சூட்டிய பெயர், தாத்தா அன்று தளபதிக்குச் சொன்ன அதே பதில்.