புளிக்கும் திராட்சைக்கும் விலை உண்டு!
இங்கிலாந்தில் நுரைக்கும் ஒயின் தயாரிக்கும் ஒரு குடும்பப் பண்ணை

திராட்சை இனிக்காவிட்டால் வியாபாரி தோட்டத்துப் பக்கமே வர மாட்டார். கம்பம் பள்ளத்தாக்கில் பந்தல் போட்டிருக்கும் எந்த விவசாயியைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். ஆனால், வெயில் குறைந்த ஒரு நாட்டில், புளிப்பு மாறாத திராட்சையை நம்பியே ஒரு குடும்பம் 30 ஆண்டுகளுக்கும் மேலாகத் தோட்டம் நடத்தி வருகிறது. அந்தத் தோட்டத்தின் கணக்கு வழக்கு, எந்தப் பயிரை மதிப்புக்கூட்ட நினைக்கும் விவசாயிக்கும் உதவும்.

இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் உள்ளது கார்ன்வால். அங்கே போட்மின் என்ற ஊருக்கு அருகில், கேமல் ஆற்றை ஒட்டிய சரிவில் இருக்கிறது 'கேமல் வேலி' பண்ணை. விமானப்படையில் விமானியாக இருந்த பாப் லிண்டோ, விபத்தில் முதுகெலும்பு முறிந்து, பிறகு அந்த வேலையை விட்டு முழுநேர விவசாயி ஆனவர். 1989-ல் அவரும் மனைவி ஆனியும் 8,000 திராட்சைக் கன்றுகளை நட்டார்கள். இன்று ஒயின் தயாரிப்பு மகன் சாம் கையில் இருக்கிறது. 2018-ல், அப்போது இளவரசராக இருந்த சார்லஸின் அரச அங்கீகார முத்திரை இந்தப் பண்ணைக்குக் கிடைத்தது.

பந்தல் இல்லை, கம்பி வரிசை

நம் ஊரில் திராட்சைக்குப் பந்தல் போடுகிறோம். வெயிலில் குலை வெந்துபோகாமல் இலை குடை பிடிக்கிறது. அங்கே நிலைமை நேர் எதிர். சூரியன் தாழ்வாகத்தான் போகும். அதனால் தெற்கு நோக்கிய சரிவைத் தேர்ந்தெடுத்து, வரிசையாகக் கம்பி கட்டி, கொடியை நிமிர்த்தி வளர்க்கிறார்கள். பக்கவாட்டில் விழும் வெயிலை இலைகள் வாங்கிக்கொள்ளும். காற்றும் தாராளமாகப் புகுந்து செல்வதால் சாம்பல் நோயும் அடிச்சாம்பல் நோயும் மட்டுப்படும்.

கம்பத்தில் பன்னீர் திராட்சையை முறைப்படி கவாத்து செய்தால் 2 ஆண்டுகளில் 5 மகசூல் வரை எடுக்கலாம். அங்கே ஆண்டுக்கு ஒரே மகசூல்தான். குளிர்காலத்தில் கொடி இலையுதிர்த்து உறங்கும். அப்போது கவாத்து. ஏப்ரலில் துளிர்விடும். செப்டம்பர் கடைசி, அக்டோபரில் அறுவடை.

குறையே பலம்

குளிர்ப் பிரதேசத் திராட்சையில் சர்க்கரை மெதுவாக ஏறும். புளிப்பு எளிதில் இறங்காது. சாதாரண ஒயினுக்கு இது குறை. நுரைக்கும் ஒயினுக்கு இதுதான் தேவை. ஒயின் இருமுறை நொதிப்பதால் சாராய அளவு இரண்டாம் முறையும் கூடும். முதலிலேயே சர்க்கரை அதிகம் இருந்தால் சாராயம் தூக்கலாகிவிடும். புளிப்பு இருந்தால்தான் பல ஆண்டு வைத்தாலும் சுவை மங்காது.

அதனால் அறுவடை நாளைக் கண்ணால் பார்த்து முடிவு செய்வதில்லை. பழச்சாற்றில் சர்க்கரையும் அமிலமும் எவ்வளவு என்று அளந்துபார்த்தே பறிக்கிறார்கள். பினோ நுவார் போன்ற கறுப்புத் திராட்சையை முழுக் குலையாக வைத்து மெதுவாகப் பிழிந்தால், தோலின் நிறம் இறங்காமல் வெளிர் நிறச் சாறு கிடைக்கும்.

நுரை வருவது எப்படி?

சாறு முதலில் தொட்டியில் நொதித்துச் சாதாரண ஒயின் ஆகிறது. அதில் லிட்டருக்குச் சுமார் 24 கிராம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்துக் கெட்டியான பாட்டில்களில் அடைத்து மூடுகிறார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை விடும். வெளியேற வழியில்லாததால் வாயு ஒயினிலேயே கரைந்துவிடும். பாட்டிலுக்குள் அழுத்தம், கார் டயரில் இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும்.

ஈஸ்ட் செத்து அடியில் வண்டலாகப் படியும். அந்த வண்டலோடு பல மாதங்கள், சில ஒயின்கள் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். சுவை கூடுவது அப்போதுதான். பிறகு பாட்டிலைச் சிறிது சிறிதாகத் திருப்பித் தலைகீழாக்குவார்கள். கழுத்துக்கு இறங்கிய வண்டலை உறையவைத்து மூடியைத் திறந்தால், அழுத்தத்தில் அது கட்டியாக வெளியே தெறிக்கும். குறைந்த அளவை நிரப்பித் தக்கை அடைத்துக் கம்பி கட்டினால் வேலை முடிந்தது.

ஷாம்பெயினும் இதே முறையில்தான் தயாராகிறது. ஆனால், அந்தப் பெயர் பிரான்ஸின் ஷாம்பெயின் வட்டாரத்துக்கு மட்டுமே உரியது. லிண்டோ குடும்பம் அதைப் போட முடியாது. தங்கள் பாட்டிலில் 'கார்ன்வால்' என்று சொந்த மண்ணின் பெயரையே போடுகிறார்கள். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்திருப்பதை இங்கே நினைத்துப் பாருங்கள். ஊர்ப் பெயருக்கும் விலை உண்டு.

காத்திருக்கும் காசு

இனி கணக்குக்கு வருவோம். ஒரு பாட்டிலுக்குச் சுமார் ஒன்றேகால் கிலோ திராட்சை போதும். பழமாக விற்பதைவிடப் பாட்டிலாக விற்றால் பல மடங்கு விலை. ஆனால், அந்த விலை கைக்கு வரும் நாள்தான் தூரம். கன்று நட்டு மூன்றாம் ஆண்டில்தான் ஓரளவு பழம் பறிக்க முடியும். அதன் பிறகு நொதிப்பு, பாட்டிலில் ஓய்வு என்று இன்னும் ஓரிரு ஆண்டுகள். முதல் பாட்டில் விற்பதற்குள் ஐந்து ஆண்டுகள் ஓடிவிடும். அதுவரை கூலி, மருந்து, பாட்டில், இயந்திரம் எல்லாம் கைக்காசு.

இடையில் வானமும் கைவிடலாம். ஏப்ரல், மே மாதங்களில் உறைபனி விழுந்தால் இளந்துளிர் கருகிவிடும். 2012-ல் கோடை முழுவதும் மழையும் குளிருமாகப் போனதால், 'நைட்டிம்பர்' என்ற இங்கிலாந்தின் பெயர்பெற்ற பண்ணை அந்த ஆண்டு ஒயினே தயாரிப்பதில்லை என்று அறிவித்தது. தரம் குறைந்த பழத்தில் பாட்டிலை நிரப்பினால், சம்பாதித்த பெயர் போய்விடும் என்பதே காரணம்.

கேமல் வேலியில் தோட்டத்தைச் சுற்றிக் காட்டவும் கட்டணம் வாங்குகிறார்கள். வருபவர்கள் பாட்டிலும் வாங்கிச் செல்கிறார்கள். விற்பனையில் ஒரு பகுதி பண்ணை வாசலிலேயே முடிந்துவிடுகிறது.

நீங்கள் எடுத்துக்கொள்ள...

இதைப் படித்துவிட்டு நாமும் ஒயின் போடலாம் என்று இறங்கிவிடாதீர்கள். நம் மாநிலத்தில் உரிமம் இல்லாமல் ஒயின் தயாரித்து விற்பது குற்றம். ஆனால், உலர்திராட்சை, பழச்சாறு, ஜாம் என்று எந்த மதிப்புக்கூட்டலுக்கும் மூன்று கேள்விகள் பொதுவானவை.

* சந்தை 'குறை' என்று கழிக்கும் விளைபொருள் எந்தப் பொருளுக்குப் பொருந்தும்? உலர்த்தவோ, பிழியவோ வாய்ப்பு உண்டா?

* முதல் வருமானம் வரும்வரை வீட்டுச் செலவுக்கு எது கைகொடுக்கும்? தோட்டம் முழுவதையும் மாற்றாமல், ஒரு பகுதி பழத்தில் மட்டும் தொடங்க முடியுமா?

* பழம் சரியில்லாத பருவத்தில் தயாரிப்பை நிறுத்திவைக்கும் தெம்பு இருக்கிறதா?

இந்த மூன்றுக்கும் விடையை நோட்டில் எழுதி எடுத்துக்கொண்டு, உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலரைப் பாருங்கள். இயந்திரத்துக்கு முன்பணம் கொடுப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.