அம்மாவுக்காக ஒரு பாவித்த ட்ரெட்மில்: வாங்கமுன் நான் பார்த்தவை

அம்மாவுக்குச் சீனி வருத்தம் வந்து பதினொரு வருடங்கள். கடைசியாகக் கிளினிக் போனபோது வைத்தியர் குளிசையைக் கூட்டி எழுதிவிட்டு, "ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் நடக்கவேணும் அம்மா, வீட்டு வேலை கணக்கில்லை" என்று சொல்லி அனுப்பினார். அம்மா தலையாட்டிவிட்டு வந்தார். நடக்கவில்லை.

அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஒழுங்கையில் விடியப்புறம் ஏழெட்டு நாய்கள் படுத்திருக்கும். பிரதான வீதியில் நடைபாதை கிடையாது. காப்பெற் போட்ட பிறகு மோட்டார் சைக்கிள்கள் போகிற வேகத்தில் ஓரமாக நடக்கவே பயம். பண்ணை வீதியிலும் முற்றவெளிப் பக்கமும் காலையில் நடப்பவர்கள் இருக்கிறார்கள்தான். அதற்கு நகரத்துக்குள் வீடு இருக்கவேண்டும், அல்லது கொண்டுபோய் விட ஆள் வேண்டும். இவற்றையெல்லாம் விட, அம்மாவின் இடது கெண்டைக்காலில் 1993 இல் ஏறிய செல் துண்டு இன்னும் இருக்கிறது. எடுத்தால் நரம்பு போய்விடும் என்று அன்றைக்கு விட்டுவிட்டார்கள். சமதரையில் நன்றாக நடப்பார். கல்லும் பள்ளமும் என்றால் கால் மடங்கும். 1995 ஒக்ரோபர் 30 இரவு, மழைக்குள், என்னையும் தங்கச்சியையும் இழுத்துக்கொண்டு நாவற்குழிப் பாலம் தாண்டித் தென்மராட்சிக்கு நடந்ததும் அந்தக் காலோடுதான். இப்போது அவருக்கு அறுபத்தாறு வயது.

அதனால்தான் வீட்டுக்குள் நடக்கிற மெஷின் ஒன்று வாங்குவோம் என்று யோசித்தேன். புதிது வாங்கக் கட்டாது. 2022 இல் 200 ரூபாய்க்குக் கிட்ட நின்ற டொலர் ஒருசில மாதங்களில் 360 ரூபாய்க்குப் போனபோது ஏறிய இறக்குமதிச் சாமான்களின் விலை, பழைய இடத்துக்குத் திரும்பி வரவில்லை. எனவே பாவித்தது ஒன்றைத் தேடினேன். மூன்று இடங்களில் பார்த்தேன். முதல் இரண்டையும் வாங்காமல் விட்டதற்கான காரணங்கள் உங்களுக்கும் பயன்படலாம்.

முதலாவது கோண்டாவிலில் ஒரு வீட்டில். விலை 45,000 ரூபாய். பார்த்தால் புதிதுபோல இருந்தது. "கனடாவிலை இருந்து மகள் அனுப்பினது தம்பி, நாங்கள் ஒருநாளும் போடேல்லை" என்றார் வீட்டுக்கார ஐயா. அவர் பொய் சொல்லவில்லை. போட்டிருந்தால் அன்றைக்கே எரிந்திருக்கும். வயர் உள்ளே போகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த சின்னத் தகட்டில் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ் என்று இருந்தது. நம்முடைய மின்சாரம் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். கனடாவிலும் அமெரிக்காவிலும் வீட்டுப் பாவனைக்கு விற்கிற மெஷின்கள் பெரும்பாலும் 120 வோல்றுக்குச் செய்யப்பட்டவை. பிளக்கை மட்டும் மாற்றி இங்கே சொருகினால் உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டு போர்ட் ஒரு நொடியில் போய்விடும்.

"ட்ரான்ஸ்போமர் ஒண்டு வைச்சால் சரிதானே?" என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். கணக்கு இப்படி வரும். 120 வோல்றில் 15 அம்பியர் இழுக்கும் மெஷின் என்றால் 1,800 வாற். தொடங்கும்போதும், ஆள் காலை ஊன்றும்போதும் இன்னும் கூடுதலாக இழுக்கும். ஆகவே 3,000 வாற் தாங்கும் ட்ரான்ஸ்போமராவது வேண்டும். கடையில் பெயருக்கு ஒட்டியிருக்கும் வாற் எண்ணை நம்பி மலிவானதை வாங்கினால் அது சூடாகி மணக்கும். நல்லதின் விலையையும் சேர்த்தால் 45,000 ரூபாய் மெஷின் மலிவே இல்லை. லண்டனில் இருந்து வந்தது என்றால் இந்தப் பிரச்சினை கிடையாது. வோல்றும் சரி, சதுர முனைப் பிளக்கும் சரி. அவுஸ்திரேலியா, ஐரோப்பாச் சாமான்களுக்குப் பிளக்கை மாற்றினால் போதும். கொள்கலனில் வந்த எதையும், எந்த நாட்டில் இருந்து வந்தது என்று கேட்டு, தகட்டையும் கண்ணால் பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது, நகரத்தில் மூடப்பட்ட ஒரு ஜிம்மில் இருந்தது. பெரிய மெஷின், தூக்க ஐந்து பேர் வேண்டும். ஜிம்மில் நாள் முழுக்க ஓடிய பெல்ற் தேய்ந்து, நடுவில் கண்ணாடிபோல் பளபளத்தது. ஓடிப் பழகிய இளம் பிள்ளைகளுக்கு அது பொருந்தலாம். மெதுவாக நடக்கிற ஒருவருக்கு அவ்வளவு பாரமான மெஷினை வீட்டில் வைத்து, அதற்கென்று தனி வயரும் இழுப்பது வீண் செலவு என்று பட்டது.

மூன்றாவதைப் பற்றிச் சொன்னபோது அம்மா கேட்ட முதல் கேள்வி விலை அல்ல. "ஆரின்ரை வீட்டுச் சாமான் மோனை?"

1996 இல் நாங்கள் தென்மராட்சியில் இருந்து திரும்பி வந்தபோது எங்கள் வீட்டில் கதவுகள்கூட இருக்கவில்லை. கொஞ்சக் காலத்துக்குப் பிறகு, அம்மாவின் தையல் மெஷினை வேறொரு வீட்டு விறாந்தையில் கண்டிருக்கிறார். கேட்கவில்லை. அவர்களும் யாரிடமோ காசு கொடுத்துத்தான் வாங்கியிருப்பார்கள் என்று வந்துவிட்டார். அன்றிலிருந்து பாவித்த சாமான் எது வீட்டுக்குள் வந்தாலும் அது யாருடையது என்று அவருக்குத் தெரியவேண்டும். என் அனுபவத்தில் இது வாங்குகிறவர் எல்லோரும் கேட்கவேண்டிய கேள்வி. இடைத்தரகரின் கடையில் வைத்துப் பார்த்தால் துடைத்து மினுக்கிய மெஷின் மட்டும்தான் தெரியும். வீட்டுக்குப் போனால் அது எங்கே நின்றது, கடற்காற்றுப் படுகிற விறாந்தையிலா, உள்ளறையிலா, யார் நடந்தார்கள், எவ்வளவு காலம் சும்மா கிடந்தது என்பதெல்லாம் தெரியும்.

இது இணுவிலில், குடும்பத்தோடு வெளிநாடு போகிற ஒரு வீடு. இப்போது குடாநாட்டில் பாவித்த சாமான் அதிகம் வருவது இப்படியான வீடுகளில் இருந்துதான். மெஷினின் கைபிடியில் இரண்டு துவாய் காய்ந்துகொண்டிருந்தது. நல்ல அறிகுறி. நடந்ததைவிடத் துவாய் காய்ந்ததுதான் கூட.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். பின்னேரம் ஏழு மணிக்குப் போனேன். ஏனென்றால் எல்லா வீடுகளிலும் விளக்கும் பானும் ரீவியும் போடுகிற அந்த நேரத்தில்தான் வோல்ற் குறையும். மத்தியானம் நன்றாக ஓடுகிற மெஷின் அப்போது முனகலாம்.

மோட்டரைப் பற்றி விற்கிறவர்கள் குதிரை வலு சொல்வார்கள். மூன்று, நாலு என்று ஒட்டியிருக்கும். அது ஒரு கணத்துக்கு எட்டக்கூடிய உச்ச வலுவாக இருக்கலாம். தொடர்ச்சியாகத் தரக்கூடிய வலு எவ்வளவு என்பதே முக்கியம். ஒரு குதிரை வலு என்பது 746 வாற். நடப்பதற்கு ஒன்றரை முதல் இரண்டு வரை தொடர்ச்சியான வலு போதும். ஓடுவதற்கு இரண்டரைக்கு மேல் வேண்டும். ஆனால் ஒட்டியிருப்பதை வாசிப்பதைவிட நல்ல சோதனை ஒன்று இருக்கிறது. மணிக்கு ஒன்று, ஒன்றரைக் கிலோமீற்றர் வேகத்தில் வைத்து, வீட்டில் பாரம் கூடியவரை ஏற்றிக் காலை அழுத்தி ஊன்றி நடக்கச் சொல்லுங்கள். ஓடும்போது தெரியாத குறை மெதுவாகப் போகும்போதுதான் தெரியும். ஒவ்வொரு அடிக்கும் பெல்ற் ஒரு கணம் நின்று இழுத்தால், பெல்ற் வழுக்குகிறது, அல்லது மோட்டரோ போர்ட்டோ களைத்துவிட்டது. பத்து நிமிடமாவது விடாமல் ஓடவிட்டு, மோட்டர் மூடிக்குக் கிட்ட மணந்து பாருங்கள்.

பிறகு பிளக்கைக் கழற்றிவிட்டுப் பெல்றின் ஓரத்தைத் தூக்கிக் கையை உள்ளே விட்டுப் பார்க்கவேண்டும். மெஷின் பழுதாவது அதிகமும் இங்கேதான் தொடங்குகிறது. பெல்றுக்கும் கீழே உள்ள பலகைக்கும் இடையில் சிலிக்கன் எண்ணெய் இருக்கவேண்டும். காய்ந்துபோனால் உராய்வு கூடும். உராய்வு கூடினால் மோட்டர் அதிக கரண்ட் இழுக்கும், கடைசியில் எரிவது போர்ட். போர்ட்தான் தேடி எடுக்கக் கஷ்டமானது. சில மொடல்களுக்குக் கொழும்பிலும் கிடையாது. இந்த மெஷினுக்குள் கை காய்ந்துதான் வந்தது. பலகை மட்டும் வழுவழுப்பாக, பள்ளம் இல்லாமல் இருந்தது. அதைச் சொல்லி விலையில் 10,000 ரூபாய் குறைத்தேன். "தையல் மெஷின் எண்ணெய் விட்டால் என்ன?" என்று அம்மா கேட்டார். கூடாது. தேங்காய் எண்ணெய், எஞ்ஜின் எண்ணெய் எதுவும் கூடாது. பெல்ற் கெட்டுவிடும். தனிச் சிலிக்கன் எண்ணெய் மட்டும்தான்.

மோட்டர் மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். நான்கு திருகாணிதான். குடாநாட்டில் எந்த வீடும் கடலுக்கோ களப்புக்கோ வெகுதூரம் இல்லை. உப்புக்காற்றில் போர்ட்டின் கால்கள் பச்சை பிடிக்கும், உருளையின் அச்சில் துரு ஏறும். செம்மண் தூசும் எறும்புப் புற்றும் இருக்கும். நான் பார்த்ததில் ஒரு காய்ந்த பல்லி இருந்தது, துரு இல்லை.

65,000 ரூபாய்க்குப் பேசி முடித்தோம். பட்டாவில் ஏற்றி இறக்க இன்னொரு 4,000. வீட்டுக்கு வந்த பிறகுதான் மற்றச் செலவு தொடங்கியது. வயரிங் பார்க்கிற தம்பி வந்து பிளக் பொயின்றைத் திறந்து பார்த்துவிட்டு, ஏர்த் வயர் எங்கேயும் தொடுக்கப்படாமல் தொங்குகிறது என்றார். இடம்பெயர்ந்த வருடங்களில் ஆளில்லாமல் கிடந்த வீடுகளில் இது சாதாரணம். செம்புக் கம்பியை யாரோ வெட்டிக்கொண்டு போயிருப்பார்கள், பிறகு விளக்கு எரிகிறதே என்று நாங்களும் விட்டிருப்போம். ஏர்த் இல்லாமல் இந்த மெஷினைப் போடவே கூடாது. இரும்புச் சட்டத்தில் வியர்த்த கையோடு நிற்கிறோம். நீட்டு வயரில் சொருகவும் கூடாது. ஏர்த் அடித்து, தனிப் பொயின்ற் வைக்க 14,000 ரூபாய் முடிந்தது. பாவித்த மெஷின் வாங்குகிறவர்கள் இதையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லாத வருடங்களில், இதே அறையில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோச் செய்தி கேட்டோம். இப்போது கரண்ட் காசு கட்டி நின்ற இடத்தில் நடக்கிறோம். மீற்றரைப் பார்த்தேன், அரை மணித்தியாலத்துக்கு அரை யூனிற்கூட ஏறவில்லை. ஆனால் கரண்ட் போனால் பெல்ற் சடாரென்று நிற்கும், ஆள் முன்னால் விழலாம். 2022 மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணித்தியாலம் வெட்டிய காலம் போய்விட்டது. என்றாலும் 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டு முழு நாடும் இருண்டது என்று அமைச்சர் சொன்னதையும் மறக்க முடியாது. வயதானவர்கள் எப்போதும் ஒரு கையாவது பிடியில் வைத்தே நடக்கவேண்டும். நீளமான பக்கப் பிடி உள்ள மெஷினையே தேர்ந்தெடுங்கள். பின்பக்கம் சுவரோடு முட்டாமல் ஆறு அடியாவது இடம் விடுங்கள்.

காலில் காயம் உள்ளவர்கள் முதலில் உடற்பயிற்சிச் சிகிச்சையாளரிடம் கேட்டுவிட்டுத்தான் ஏறவேண்டும். வீதியில் நொண்டும் கால் தன் வேகத்துக்கு நடக்கும். மெஷின் இரண்டு காலையும் ஒரே வேகத்தில் இழுக்கும். அம்மாவுக்கு முதல் வாரம் இடது கால் பின்னால் இழுபட்டது. வேகத்தை 0.8 க்குக் குறைத்து, மூன்று நிமிடம், பிறகு இருக்கை, பிறகு மூன்று நிமிடம் என்று வைத்தோம். எல்லா மெஷினும் அவ்வளவு மெதுவாகப் போகாது, வாங்கமுன் பாருங்கள். செயற்கைக் கால் போட்டவர்கள் கால் பொருத்திய இடத்திலேயே இதைப்பற்றிப் பேசுங்கள்.

சீனி வருத்தக்காரர் வெறுங்காலோடு நடக்கக்கூடாது. பெல்ற் உரசிய கொப்புளம் அவர்களுக்குத் தெரியாமலே புண்ணாகும். வீட்டுக்குள் சப்பாத்துப் போட அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு புதுச் சோடி வாங்கி, அது வாசல் தாண்டாது என்று சொன்ன பிறகே போட்டார். உடுப்பில் கொழுவுகிற பாதுகாப்புச் சாவி இல்லாத மெஷினை வாங்காதீர்கள். அதில் காந்தம் இருக்கும், இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் நெஞ்சுப் பக்கம் கொண்டுபோகக்கூடாது. நடந்து முடிந்ததும் சாவியைக் கழற்றி உயரத்தில் வையுங்கள். தங்கச்சியின் மகளுக்கு மூன்று வயது. ஓடும் பெல்றுக்குள் சிறுவிரல் போனால் தோல் உரிந்துவிடும்.

மூன்று மாதம் ஆகிறது. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிடம் என்கிறது. அம்மா இப்போது ஒரேயடியாகப் பதினெட்டு நிமிடம், வாரத்தில் ஐந்து நாள், ரீவி நாடகம் போகும்போது. இணுவில் பிள்ளை ரொறன்ரோவில் இருந்து வட்ஸ்அப்பில், "அம்மா நடக்கிறாவோ, இல்லாட்டித் துவாய் காயுதோ?" என்று கேட்டிருந்தார். அடுத்த எண்ணெய் விடவேண்டிய திகதியைக் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் அம்மாவே எழுதி வைத்திருக்கிறார்.