மாணவருக்கு ஒரு சுமைதாங்கி

யாழ்ப்பாணத்து வீதியோரங்களில் நம் முன்னோர் மடமும் கேணியும் ஆவுரஞ்சிக் கல்லும் அமைத்தபோது, சுமைதாங்கி ஒன்றையும் நாட்ட மறந்தாரிலர். தலைச்சுமையோடு நடந்து வருவோர் பிறர் உதவியின்றி அதனை இறக்கி, சற்றே இளைப்பாறி, மீண்டும் ஏற்றிக்கொண்டு செல்வர். இன்று உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவரது நாளில் அத்தகைய கல் எங்கேனும் உண்டா?

பாடசாலை பிற்பகலில் விடுகிறது; நாள் முடிவதில்லை. உடனே ஒரு தனியார் கல்வி நிலையம், மாலையில் மற்றொன்று. சனி ஞாயிறு என்ற வேறுபாடும் இல்லை. இரவு பிளேன்ரீயின் துணையோடு குறிப்புப் புத்தகம். இவ்வளவுக்கும் பின் படுக்கைக்குச் செல்பவர் உள்ளத்தில் எஞ்சுவது, ‘இன்றும் படித்து முடியவில்லை’ என்ற ஏக்கமே. உளநெருக்கீடு என்று அறிஞர் கூறுவது மாணவர் வாழ்வில் பெரும்பாலும் இந்த உருவிலேதான் வருகின்றது.

காரணமில்லாத கலக்கமும் அன்று இது. பல்கலைக்கழக அனுமதிக்கு 2001ஆம் ஆண்டு முதல் இசட் புள்ளியே அளவுகோல். ஒருவரது புள்ளி அப்பாடத்தின் சராசரியினின்று எத்துணை உயர்ந்தோ தாழ்ந்தோ நிற்கிறது என்பதே அதன் கணக்கு. ஆகவே, தாம் கற்றதோடு பிறர் கற்றதும் ஒருவரது விதியை எழுதுகிறது. பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 சதவீத இடங்கள் நாடளாவிய திறமைக்கும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படைக்கும், 5 சதவீதம் வசதி குறைந்த மாவட்டங்களுக்கும் உரியன. தோற்றக்கூடிய தடவைகளோ மூன்று. பக்கத்து வாங்கில் இருக்கும் தோழனே போட்டியாளன் ஆகிறான். அவன் வீட்டு விளக்கு எரியும்வரை இவன் வீட்டு விளக்கும் எரிகிறது.

அவ்விளக்கின் கீழ் நடப்பது என்ன? முன்னர் வாசித்ததையே மீள வாசித்தல். அமெரிக்க உளவியலாளர் ரோடிகர், கார்ப்பிக்கி இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வொன்று ஈண்டு நோக்கத்தக்கது. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தோர், ஐந்து நிமிடங்களின் பின் வைத்த சோதனையில் முந்தினர். ஒரு கிழமை கழிந்தபின்னரோ, அதனை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தோரே முந்தினர். வேடிக்கை யாதெனில், தமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று கூடுதலாக நம்பியவர்கள் வாசித்தோரே!

மீள வாசிப்பதற்கு எல்லை இல்லை. கடந்தகால வினா ஒன்றுக்குப் புத்தகத்தை மூடிவிட்டு விடை எழுதுவதற்கு எல்லை உண்டு. தெரிந்தது தாளில் நிற்கும்; தெரியாததை ஒரு துண்டில் குறித்து நாளைக்கு வைக்கலாம். அத்துடன் விளக்கை அணைத்துவிடலாம். உறக்கத்தைத் திருடிப் படிப்போர் அறியவேண்டியது, பகலிற் கற்றவை நினைவில் உறுதிப்படுவதற்கு அந்த உறக்கமே வேண்டும் என்பது.

‘அடியாத மாடு படியாது’ என்பார் பெற்றார் சிலர். யேர்க்ஸ், டொட்சன் என்ற இருவர் 1908இல் எலிகளை வைத்து இதனைச் சோதித்தனர். இலகுவான வேலையை எலிகள் கடும் மின்னதிர்ச்சியாலும் விரைந்து கற்றன. கடினமான வேலைக்கோ மிதமான அதிர்ச்சியே உதவியது, மிகுந்தபோது கற்றல் பின்தங்கியது. எலிக்குக் கண்டதை மாணவர்க்கு அப்படியே ஏற்றிச் சொல்லல் தகாதுதான். எனினும், பௌதிகவியல் வினாத்தாள் இலகுவானது என்று எவரும் சொல்லக் கேட்டதில்லை.

உறக்கம் வாரக்கணக்கில் கெட்டு, உணவு வெறுத்து, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டுமாயின், அது அன்றாட நெருக்கீட்டைக் கடந்துவிட்டது. வைத்தியரை நாடவேண்டும், தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கமும் உண்டு.

ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். பாடவேளையின் கடைசிப் பத்து நிமிடங்களில் கரும்பலகையைத் துடைத்துவிட்டு, அன்று கேட்டதை மாணவர் தாமே எழுதிப் பார்க்க விடுங்கள். அந்தத் தாளுக்குப் புள்ளி மட்டும் இடவேண்டாம்.