கண்மாய்க்கு ராஜா யார்?

அறுப்பு முடிந்து, கண்மாயில் தண்ணீர் முழங்கால் அளவுக்கு வற்றியதும், மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் மீன்பிடித் திருவிழா நடக்கும். விடியுமுன்பே சுற்றுப்பட்டு ஊர் ஜனங்கள் ஊத்தா, கச்சா, வலை என்று கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு கரையில் வந்து நிற்பார்கள். எத்தனை பேர் கூடினாலும் ஒருவரும் தண்ணீரில் கால் வைக்கமாட்டார். ஊர்ப் பெரியவர் கரைமேல் நின்று வெள்ளைத் துண்டை வீசவேண்டும். வீசியதும், 'ஹோ'வென்று ஒரே பாய்ச்சல்! விராலோ, கெளுத்தியோ, அகப்பட்டது அவரவர்க்கு. காசு கிடையாது.

துண்டு வீசும் பெரியவர் சர்க்கார் உத்தியோகஸ்தர் அல்லர். பின் ஏன் அத்தனை பேரும் அவருக்காகக் காத்து நிற்கிறார்கள்?

மேலே ஓர் அரசாங்கம் இல்லாமல் மனிதர்கள் ஒழுங்காக வாழ முடியுமா என்பது பழைய வாதம். ஒவ்வொருவரும் தம்மைத் தாமே ஆண்டுகொண்டால் அரசே வேண்டியதில்லை என்று காந்தியடிகள் 1931-ல் எழுதினார். அது நடக்கக் கூடியதா? மதுரைச் சீமைக் கண்மாய்களைப் பார்த்தால் பாதி விடை கிடைக்கிறது.

நெல்லே கூலி

கண்மாய்த் தண்ணீர் எல்லா வயலுக்கும் ஒரே சமயத்தில் போதாது. மடைக்குப் பக்கத்து வயல்காரர் இஷ்டம்போல் பாய்ச்சினால் கடைசி வயல் காய்ந்துபோகும். ஆகவே ஊர் கூடி 'நீர்க்கட்டி' என்று ஓர் ஆளை வைத்தது. மடையைத் திறப்பதும் அடைப்பதும் அவர் வேலை. எவ்வளவு பெரிய மிராசுதாரும் தாமாகப் போய் மடையைத் திறக்கக் கூடாது. தண்ணீர் குறைந்தால் முறை வைத்துப் பாய்ச்சுவார். கூலி, களத்துமேட்டில் அளக்கும் நெல். எல்லா வயலும் விளைந்தால்தான் அவர் வீட்டுக் குதிர் நிறையும். கடைசி வயலை அவர் எப்படி மறப்பார்? என்ன அருமையான கணக்கு, பாருங்கள்!

கரை பலவீனப்பட்டாலும், வரத்துக் கால்வாய் தூர்ந்தாலும், வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வரவேண்டும். இதற்குக் குடிமராமத்து என்று பெயர்.

எலினார் ஆஸ்ட்ரம் என்ற அமெரிக்கப் பெண்மணி 2009-ல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார். ஸ்பெயின், பிலிப்பைன்ஸ் நாட்டுப் பாசன வாய்க்கால்களையெல்லாம் ஆராய்ந்தவர். பொதுச் சொத்தை அனுபவிப்பவர்களே விதி வகுத்துக் காக்க முடியும் என்று காட்டினார். நம் நீர்க்கட்டிக்கு இது புதுச் சேதி அல்ல.

ஆனால், இதைப் பொற்காலம் என்று புகழ எனக்கு மனம் வரவில்லை. நீர்க்கட்டிகளாக இருந்தவர்கள் பல ஊர்களில் தாழ்த்தப்பட்ட மக்கள். ஊருக்கெல்லாம் தண்ணீர் பங்கிட்டவருக்கு ஊர்க் கூட்டத்தில் வாய் திறக்க இடமில்லை. பெண்களுக்கும் இல்லை. விதி வகுத்தவர்கள் நிலக்காரர்கள். தூரத்து ராஜா தலையிடவில்லை, சரி. பக்கத்து வீட்டு ராஜாவை யார் தட்டிக் கேட்பது?

கட்டாயம் வந்தது

மண்வெட்டியும் எப்போதும் மனமுவந்து வரவில்லை. உழைக்க வராதவர்களைக் கட்டாயப்படுத்த, சென்னை மாகாணத்தில் 1858-ல் சட்டமே வந்தது.

இரண்டு ஊர்ச் சண்டை இன்னும் கஷ்டம். மேல்கண்மாய்க்காரர்கள் கலுங்கை உயர்த்திக் கட்டினால் கீழ்க்கண்மாய் வறண்டுவிடும். அங்கே ஒரு ஊர்ப் பெரியவரின் துண்டை மறு ஊர் மதிக்குமா? கலெக்டரிடமோ கோர்ட்டுக்கோதான் போகவேண்டும். மலைக்கு அப்பால் ஓடிய பெரியாற்றைத் திருப்பி 1895-ல் மதுரைப் பக்கம் கொண்டுவந்ததும் எந்தக் கிராமத்தாலும் தனியாக ஆகிற காரியம் அல்ல.

இப்போது 40 ஹெக்டேருக்கு மேல் பாயும் கண்மாய் நீர்வளத்துறையிடம். சிறியவை ஊராட்சி ஒன்றியங்களிடம். 2017-ல் அரசாங்கமே 'குடிமராமத்து' என்று பழைய பெயரில் ஒரு திட்டம் தொடங்கிப் பணம் ஒதுக்கியது. ஆனால் வயலுக்கு வயல் கிணறும் மோட்டாரும் வந்த பிறகு, பலருக்குக் கண்மாய் நிறைந்தாலும் ஒன்று, வற்றினாலும் ஒன்று. கரை உடைந்தால் முதலில் ஓடி வருகிறவர், கிணறு வெட்ட வழியில்லாத கடைசி வயல்காரர்தான்.